நடுத்தெருவுக்கு வந்தவர்கள்

4.10.1971, திங்கள். தீர்மானத்தை டைப் அடித்ததில் ஒரு சொல் விட்டுப்போயிற்று. ‘கடைத்தெரு மந்தம் அகல வேண்டும்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கடைத்தெரு அகல வேண்டும்’ என்று இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பலகையிலும் ஒட்டிய பிறகுதான் கவனித்தேன். சிறிய பிழை. நாளை திருத்திவிடலாம்.

நஃபீசா தன் டைரியில் இப்படி எழுதிய மறுநாள் காலை அகரமடைக் கடைத்தெரு ஒரு முழம் அகன்றிருந்தது. மேற்கு வரிசைக்கும் கிழக்கு வரிசைக்கும் குறுக்கே கட்டியிருந்த டியூப்லைட் ஒயர் நடுவில் அறுந்து தொங்கியதால் விஷயம் தெரியவந்தது. எலக்ட்ரீஷியன் அதே ஒயரை இழுத்துப் பார்த்தார், எட்டவில்லை. ஒட்டுப் போட்டுக் கட்டினார். அடுத்த நாள் ஒட்டும் அறுந்தது. இந்தக் காலத்து ஒயரே சரியில்லை என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்த டியூப்லைட்டுகள் கடைத்தெரு மேம்பாட்டுக் குழுவின் ஏற்பாடு. வலங்கைமானிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கிற அகரமடையில், ஜனங்கள் உள்ளூர்க் கடைகளைத் தாண்டிக்கொண்டு கும்பகோணம் போய்ச் சாமான் வாங்கிவரத் தொடங்கியிருந்தார்கள். அதைத் தடுக்க அந்த வருஷம் சித்திரையில் ஆரம்பித்ததுதான் குழு. மேற்கு வரிசையில் உரக்கடை வைத்திருந்த பஞ்சநதம் தலைவர். கிழக்கு வரிசையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஹாஜா மைதீன் துணைத்தலைவர், நஃபீசாவின் அத்தா. இருவரும் வெகுகாலச் சிநேகிதர்கள். பஞ்சநதம் தினமும் இரண்டு கிளாஸ் டீயோடு தெருவைக் கடந்து வந்து, ஒன்றை ஹாஜா மைதீனிடம் கொடுத்து ஒன்றைத் தான் குடித்துவிட்டுப் போவார். குழு தெருவைக் காலையும் மாலையும் பெருக்க ஆள் போட்டது, எல்லாக் கடைப் பலகைகளுக்கும் ஒரே நீலத்தில் பெயிண்ட் அடித்தது, தண்ணீர்ப் பானைகள் வைத்தது. ஜவுளிக்கடை மாடியில் நடந்த டைப்ரைட்டிங் மாலை வகுப்பில் நஃபீசா தமிழ் லோயர் படித்துக்கொண்டிருந்ததால் குழுவின் எழுத்துவேலை அவள் தலையில் விழுந்தது. எதையும் வரிசைப்படி செய்கிறவள் அவள். செய்து முடித்த பிறகு, சரியாகச் செய்தோமா என்று மறுபடியும் போய்ப் பார்க்கிறவள். அப்படியிருந்தும் ஒரு சொல் எப்படித் தவறியது என்பது அவளுக்கு விளங்கவில்லை.

தெரு அகன்றதற்கு அந்தச் சொல்தான் காரணமா என்பதில் ஊரில் இரண்டு கருத்து உண்டு. அது குறுவை அறுவடைக் காலம். அறுப்புக்கூலியில் அரைப்படி நெல் கூட வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர்கள் அரிவாளைக் கீழே வைத்திருந்தார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். ரைஸ்மில்லில் போலீஸ் வந்து தங்கியது. மேற்கு வரிசை முழுக்க மிராசுதார்களை நம்பி இருந்த கடைகள், அதனால் அவர்கள் தொழிலாளர்களுக்குச் சாமான் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். கிழக்கு வரிசை தொழிலாளர்கள் கொண்டுவரும் கூலிநெல்லால் ஓடியது, அவர்கள் மிராசுதார்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். பஞ்சநதம் டீயோடு வருவது நின்றது. எதிர்வரிசையைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கடைக்காரர்கள் கல்லாப்பெட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். தெரு இதனால்தான் விலகியது என்று சிலர் சொன்னார்கள். நஃபீசா தன் பிழையை அத்தாவிடம் சொன்னபோது அவர், “ஒரு வார்த்தைக்குத் தெரு நகருமா? போம்மா, போய்த் தூங்கு” என்றார். அவள் தூங்கவில்லை.

தீபாவளிக்குள் எதிர்வரிசைக் கடைகளின் பெயரைப் படிக்க முடியாமல் போயிற்று. மேற்கே உரக்கடை ரேடியோவில் விவசாயச் செய்தி வாசிப்பது, காற்று இந்தப் பக்கம் அடித்தால் மட்டும் கேட்டது. சைக்கிள்கடை துரைராசு தெருவைக் கடக்க வாடகை சைக்கிள் விட்டார். போக ஒரு ரேட், போய்வர ஒரு ரேட். கும்பகோணம் பஸ் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றது. ஏறுகிறவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடிவந்தார்கள். நடுவில் அறுகு முளைத்து மாடுகள் மேய்ந்தன. இந்தப் புது நிலம் யாருடையது என்று அடுத்த தகராறு வந்தது. மிராசுதார்கள் நான்கு மூலையிலும் கல் நட்டார்கள். நிலமில்லாதவர்களுக்குச் சேர வேண்டியது என்று தொழிலாளர்கள் சிவப்புக் கொடி நட்டார்கள். மறுநாள் கல்லும் கொடியும் ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில் இருந்தன. ஆளுங்கட்சிக்காரர்கள் தங்கள் கொடிக்கம்பத்தை நட்டநடுவில் வைக்க வந்து, நட்டநடு எது என்பதில் அவர்களுக்குள்ளேயே பேச்சு முற்றித் திரும்பினார்கள். சங்கிலியோடு வந்த சர்வேயர் ஒரு பக்கம் அளந்துகொண்டிருக்கும்போதே மறுபக்கம் நகர்ந்ததால், ‘அளவு நிலைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

தீபாவளி வியாபாரம் நடக்கவில்லை. வாங்குகிறவர்கள் இரண்டு வரிசையையும் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒரு வரிசை மட்டும் இருக்கிற ஊருக்கு வருவதைவிடக் கும்பகோணம் பக்கம் என்றாகிவிட்டது. ஹாஜா மைதீனின் அண்ணன் பினாங்கில் கடை வைத்திருந்தார். ஜனவரியில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் கப்பலுக்கு ஹாஜா மைதீன் டிக்கெட் எடுத்தார். கடையை ரைஸ்மில்காரர் நெல் அடுக்கக் கேட்டிருந்தார். நஃபீசாவும் அம்மாவும் நாகூரில் மாமா வீட்டில் இருந்துகொள்வார்கள். நாகூரில் டைப் வகுப்பு இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, அங்கே எதற்கு அதெல்லாம் என்று பதில் வந்தது. லோயர் பரீட்சை பிப்ரவரியில்.

அவள் தீர்மானத்தை ‘மந்தம்’ சேர்த்து மறுபடி டைப் அடித்தாள். திருத்தம் செல்ல வேண்டுமானால் முன்பு கையெழுத்துப் போட்ட எல்லோரும் மறுபடி போட வேண்டும். கிழக்கு வரிசைக்காரர்கள், முதலில் அவர்கள் போடட்டும் என்றார்கள். அவள் தாளை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தாள். அவர்கள், முதலில் இவர்கள் போடட்டும் என்றார்கள். இப்படி அவள் நடந்துகொண்டிருந்த நாட்களில் தெரு இன்னும் அகன்றது. தண்ணீர்ச் செம்பு எடுத்துப்போகிற அளவுக்கு ஆனபோது, ஒரு மத்தியானம் நட்டநடுவில் நாகம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அறுப்பறுக்கிறவள், வேலை நிறுத்தத்தில் இருக்கிறவள். சாக்கை விரித்து, மேலே பொன்னாங்கண்ணிக் கட்டுகளை அடுக்கியிருந்தாள்.

“இங்க ஏன் ஒக்காந்திருக்கீங்க, இங்க யாரு வாங்குவா?” என்று நஃபீசா கேட்டாள்.

“காலையிலேர்ந்து ரெண்டு பக்கத்துக்காரவுகளும் வாங்கிட்டுத்தான் போறாக” என்றாள் நாகம்மாள். “மேலண்டைப் பக்கம் போனா ஏன் வந்தேங்கறான். கீழண்டைப் பக்கம் ஏற்கெனவே ரெண்டு கீரைக்காரி இருக்கா. நடுத்தெருவுல யாரு என்னைய எழுப்புறது? தாயே, நீ நடந்து நடந்து செருப்பைத் தேய்க்கிறியே, அவுகளை இங்க வரச் சொல்லேன்.”

நஃபீசா இதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தாள். சரியாகத்தான் தோன்றியது, அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. குழுக் கூட்டத்தை நடுவில் வைத்தால் யாரும் யார் பக்கமும் போனதாக ஆகாது என்று மூன்றாம் நாள் அத்தாவிடம் சொன்னாள். ஹாஜா மைதீனுக்கு முகம் சிவந்துவிட்டது. சொந்தக் கடை வைத்துப் பிழைத்த மனுஷனிடம் சொல்லக்கூடாத சொல் அது.

“என்னைய நடுத்தெருவுக்கு வரச் சொல்றியா?”

“நடுத்தெருவுக்குத்தான் வந்துட்டோமே அத்தா” என்றாள் நஃபீசா. “இன்னமே போய் ஒக்கார வேண்டியதுதான்.”

சொன்ன பிறகு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். மேற்கே பஞ்சநதத்திடம் ஆள் போனபோது அவரும் அதே சொல்லுக்குத்தான் கோபித்தார் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் நவம்பரில் ஒருநாள், நோன்பு மாதம் முடிவதற்குள், நாகம்மாளின் கீரைச் சாக்குக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டுக் கூட்டம் கூடியது. மேற்கிலிருந்து வந்தவர்களும் கிழக்கிலிருந்து வந்தவர்களும் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து, மெல்ல மனிதர்களாக ஆனார்கள். பஞ்சநதம் பழக்கதோஷத்தில் கம்பித் தூக்கில் இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்துவிட்டார். ஒன்றை நீட்டிய பிறகுதான் எதிரில் இருப்பவர் நோன்பாளி என்பது நினைவுக்கு வந்தது. நீட்டிய டீயைத் திருப்பி எடுத்துப்போகவும் முடியாது. தான் மட்டும் குடிக்கவும் முடியாது. இரண்டு கிளாஸையும் பெஞ்சில் வைத்துத் தட்டுப் போட்டு மூடினார். ஆகவே பாங்கு சொல்லும்வரை இரண்டு பேரும் எழுந்து போக வழியில்லாமல் ஆயிற்று.

வேறு பேச்சு இல்லாததால் பஞ்சநதம்தான் ஆரம்பித்தார். “என்ன பாய், கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாச்சாம்ல?”

“எடுத்தாச்சு.”

“பினாங்குல தெரு என்ன அகலம்?”

“அண்ணன் கடையிலேர்ந்து கையை நீட்டுனா எதிர்க்கடைன்னு எழுதியிருந்தாரு.”

“அப்ப அங்கயும் ஒரு எதிர்க்கடைக்காரன் இருக்கான். கோவிச்சுக்க ஆள் இல்லாமப் போயிருமேன்னு கவலைப்பட்டேன்.”

“நோன்பு நேரத்துல வாயைக் கிளறாதீங்க மொதலாளி.”

அதன் பிறகு நிகழ்ச்சி நிரலை எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் பொழுது போகவேண்டியிருந்தது. புதன்கிழமை தோறும் நடுவில் சந்தை கூட்டுவது, இரண்டு வரிசைக் கடைகளும் சரக்கைக் கொண்டுவந்து வைப்பது, வருகிறவர் மிராசுதாரா தொழிலாளியா என்று கேட்பதில்லை, பெஞ்சும் பந்தலும் குழு செலவு. நஃபீசா ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்து எழுதிக்கொண்டாள். கிழக்கே பாங்கு சொல்வது மெல்லக் கேட்டது. ஹாஜா மைதீன் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தட்டை எடுத்தார். ஆறி ஏடு படிந்திருந்த டீயை இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். மறுநாள் காலை தெரு ஒரு சாண் குறைந்திருந்தது. மாடுகள்தான் அதை முதலில் கவனித்தன, மேய்ச்சல் குறைந்ததால்.

சந்தை கூடக் கூடத் தெரு சுருங்கியது. ஒவ்வொரு புதன்கிழமையும் கடைகள் சில அடி முன்னால் வந்தன. துரைராசு வாடகை சைக்கிளை நிறுத்தி, சந்தையில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார். கார்த்திகையில் கூலிப் பேச்சுவார்த்தை நடந்தபோது, மிராசுதார்கள் சங்க ஆபீசுக்கு வரமாட்டோம் என்றார்கள், தொழிலாளர்கள் மில்லுக்கு வரமாட்டோம் என்றார்கள். குழுவின் பெஞ்சுகளில்தான் அது நடந்தது. அரைப்படி கேட்டது கால்படியில் முடிந்தது. இரண்டு பக்கமும் தோற்றதாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். கும்பகோணத்திலிருந்து வளையல்காரர்களும் பாத்திரக்காரர்களும் அகரமடைச் சந்தைக்கு வரத் தொடங்கினார்கள்.

தை பிறந்ததும் குழு கூடியது. தெரு பழைய அகலத்துக்கு வர இன்னும் இரண்டு வண்டி அகலம் பாக்கி இருந்தது. நஃபீசா திருத்திய தாளைப் பெஞ்சில் வைத்தாள். இப்போது கையெழுத்துப் போட எல்லோருக்கும் சம்மதம். போட்டால் தெரு ஒரேயடியாகச் சேர்ந்துவிடும், பிழையும் தீரும். பஞ்சநதம் பேனாவைத் திறந்தபோது, கீரைச் சாக்கிலிருந்து நாகம்மாள் கேட்டாள்:

“தெரு பழையபடி ஒட்டிக்கிட்டா நான் எங்க ஒக்கார்றது? ஒங்க கடை வாசப்படியிலயா?”

பழைய அகலத்தில் அவளுக்கு இடம் இருந்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், மேற்கு வரிசையில் மட்டுமல்ல, கிழக்கு வரிசையிலும். பஞ்சநதம் பேனாவை மூடினார். ஹாஜா மைதீன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நல்லாத்தானே அடிச்சிருக்கா எம் மக. இருந்துட்டுப் போகட்டும்” என்றார். நஃபீசா குனிந்து, பெஞ்சின்மேல் இல்லாத தூசியைத் தட்டினாள்.

கப்பல் புறப்பட்ட அன்று ஹாஜா மைதீன் கீற்றுப் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார். ‘நாங்கள் எல்லோரும் நடுத்தெருவுக்கு வந்துவிட்டோம், ஆகவே இப்போதைக்கு வருவதற்கில்லை’ என்று பினாங்குக்கு எழுதிப் போட்டார். அண்ணன் அதைப் படித்துவிட்டு அழுது, ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கைலியும் பிஸ்கட் டின்னும் பழைய கோட்டுகளும் அனுப்பிவைத்தார். கைலிகள் ஒரே புதன்கிழமையில் விற்றன. கோட்டுகளில் ஒன்றைப் பஞ்சநதம் மார்கழிப் பனிக்குப் போட்டுக்கொள்கிறார்.

நஃபீசா லோயரில் பாஸ் செய்தாள், பிறகு ஹையரிலும். டைப் வகுப்பை இப்போது அவளே நடத்துகிறாள். பலகையில் ஒட்டிய பழைய தீர்மானம் வெயிலில் மஞ்சளாகி அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு குறுவைக்கும் வயலில் கூலிப் பேச்சு எழும்போது தெரு சற்று அகல்கிறது, பேச்சு முடிந்ததும் சுருங்குகிறது. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பதுபோல, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் தெரு எவ்வளவு என்று கேட்கிறார்கள். டிரைவர்கள் அதற்குத் தகுந்தாற்போல் வளைக்கிறார்கள். நடுத்தெருவில் இடம் கேட்டுக் குழுவிடம் மனு வந்தவண்ணம் இருக்கிறது. நாகம்மாளின் இடத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை.

7.10.1974, திங்கள். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டது. இன்று காலை தெரு அரை முழம் அகன்றிருப்பதாக அளந்தேன். மறுபடி அளந்ததில் முக்கால் முழம். முதலில் தவறாக அளந்திருக்கிறேன். நாளை காலை இரண்டு பக்கப் பெஞ்சுகளையும் நடுப்பக்கம் தள்ளிப் போட வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் டியூப்லைட் ஒயரை இழுத்துக் கட்டாமல், பத்து முழம் தொய்வாக விட்டுச் சுருட்டிக் கட்டச் சொல்ல வேண்டும்.