ஜின்சன் வெட்டிய மௌனம்

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவனுக்கு, சும்மா ஓடுகிற ஒரு நொடியைக் கண்டாலே கை அரிக்கும். மூணாறு ஸ்டுடியோவில் ஜின்சன் அப்படித்தான் ஷீனாவின் கணக்குப் பாட வீடியோவையும் கத்தரித்துத் தள்ளினான். ஷீனா மாட்டுப்பட்டிப் பக்கம் தமிழ் மீடியத்தில் கணக்கு டீச்சர். எஸ்டேட் பள்ளியில் அவனோடு படித்தவள். "மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சும்மா நின்றிருந்தாள். அதைத்தான் வெட்டினான்.

"அஞ்சு நிமிசத்த மூணாக்கிட்டேன், பாத்தியா?" என்று பெருமை வேறு.

"ஜெஸ்னாவக் கூப்பிடு," என்றாள் ஷீனா.

ஜெஸ்னா அவன் மகள், ஐந்தாம் வகுப்பு. 'எனக்குக் கணக்கு வராதுப்பா' என்று இந்த வருஷம் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவளுக்காகத்தான் இந்த வேலையையே ஏற்றிருந்தான்.

வெட்டிய வீடியோவை ஓடவிட்டார்கள். கேள்வி வந்தது. ஜெஸ்னா பென்சிலை எடுப்பதற்குள் பதிலும் வந்துவிட்டது. அடுத்த கேள்விக்கு அவள் பென்சிலைத் தொடவே இல்லை.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

"அப்ப அஞ்சுல ஒண்ணு பெருசா, ஆறுல ஒண்ணா?"

"ஆறுல."

ஜின்சன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வயதில் அவனும் இதையே உளறியவன்தான். எஸ்டேட் பள்ளியில் அவர்களுக்குக் கணக்கு எடுத்த சுவக்கீன் சார் கேள்வியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே தேயிலைக் காட்டைப் பார்த்து நிற்பார். ஷீனா மாதிரிக் கெட்டிக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு தவிப்பார்கள். மனுஷன் அசைய மாட்டார். கடைசி பெஞ்சில் ஜின்சன் காகிதத்தை மடித்துக் கிழித்து, மறுபடி மடித்து, கையைத் தூக்கிய பிறகுதான் திரும்புவார். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த கடைசி பெஞ்சைத்தான் சார் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது அவனுக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. அந்த அமைதியும் தகரக் கூரையில் மழைச் சத்தமும் நினைவுக்கு வந்தன. அப்படி ஒருத்தர் தனக்காகக் காத்து நின்றாரே!

"சுவக்கீன் சார் எனக்காகத்தான நின்னாரு?" என்றான்.

"பின்ன? தூக்குன கை எனக்குல்ல வலிச்சுது," என்றாள் ஷீனா.

இன்னும் கத்தரி படாத அடுத்த வீடியோவை ஓடவிட்டான். "மூணுல ரெண்டு பெருசா, நாலுல மூணு பெருசா?" என்று கேட்டுவிட்டுத் திரையில் ஷீனா திரும்பிக்கொண்டாள். ஜெஸ்னா இரண்டு கட்டம் போட்டாள். பிரித்தாள், அழித்தாள், உதட்டைக் கடித்தாள். ஜின்சனின் கை பழக்கதோஷத்தில் மவுஸைத் தேடியது. அதைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

ஜெஸ்னாவின் கை மேலே போனது.

"நாலுல மூணுப்பா. மிச்சம் இருக்குற துண்டு அதுலதான் சின்னது. டீச்சர் இன்னும் திரும்பலையே?"

"யாருக்கோ நிக்காங்கம்மா," என்றான் ஜின்சன். "கை வலிச்சாலும் இறக்காத."