சின்னக்குழந்தை வைக்காத போன்

காவலூர்ப் பக்கம் போனில் எதிர்முனை இரண்டு மூச்சுக்குள் பேசாவிட்டால், டவர் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள். அதில் சின்னக்குழந்தையை மிஞ்ச ஆள் கிடையாது. பார்த்துவிட்டு வந்த பெண்ணிடம் போனில் "என்னைப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார்; அவள் வெட்கப்பட்ட நேரத்தில் வைத்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

நீலாவதிக்கு இப்படிப்பட்டவர்களால்தான் தலைவலி. சாமை விவசாயிகளுக்குப் போனில் பதில் சொல்லும் ஏஐ சேவை அவள் பொறுப்பில் இருந்தது. பதில் வரும்வரை ஒருவரும் காத்திருக்கவில்லை. இந்த வாரமும் இப்படியே போனால் சேவையை மூடிவிடுவதாக, அதை நடத்தும் விவசாயிகள் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதைச் சரிசெய்யத் திருப்பத்தூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரன் வெற்றிச்செல்வன், லேப்டாப்பில் இரண்டு ஏஐ மாடல்களைக் காட்டினான்.

"இது செகண்டுக்கு நூறு டோக்கன்க்கா. அது அறுபதுதான்."

"நூறு வார்த்தையா?"

"வார்த்தை இல்லக்கா, துண்டு. துண்டு துண்டாத்தான் எழுதும். நூறு போடறது தமிழைப் பொடிசா நறுக்கும். அறுபது கொஞ்சம் பெருசா நறுக்கும்."

"நல்லா கீதுப்பா. சுளையை எண்ணிட்டு இத்தினி பலாப்பழம்னு சொல்ற கதையா? சரி, மொதத் துண்டு எப்ப வரும்?"

வெற்றிச்செல்வன் தலையைச் சொறிந்தான். "அது தனிக் கணக்குக்கா. கேள்வியைப் படிச்சி முடிச்சாத்தான் வரும். நான் அளக்கல."

"அளக்க ஆள் கீறாரு."

சின்னக்குழந்தைக்குப் போன் போட்டு, நூறு டோக்கன் மாடலோடு இணைத்தார்கள். சாமைக் காட்டில் பன்றி புகுந்ததை அவர் சொல்லி முடித்தார். நிசப்தம்.

"டவர் பூட்ச்சி," என்று வைத்துவிட்டார். அப்புறம் பதில் அருவியாகக் கொட்டியது. கேட்கத்தான் ஆளில்லை.

மறுபடி கூப்பிட்டு அறுபது டோக்கன் மாடலோடு இணைத்தார்கள். அவர் கேட்டு முடித்து வாயை மூடியதுமே முதல் வார்த்தை வந்துவிட்டது. நீலாவதி திரையைப் பார்த்து அசந்துபோனாள். முழுப் பதிலும் தயாராகியிருக்கவில்லை. முதல் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததைக் கல்லில் ஊற்றுவதுபோல, அவர் ஒரு வார்த்தையைக் கேட்கும்போதே அடுத்தது வெந்துகொண்டிருந்தது. தட்டு ஒருமுறைகூடக் காலியாகவில்லை. இப்படிப் பரிமாறத் தெரிந்த கை, கல்யாண வீட்டிலும் அவள் கண்டதில்லை.

சின்னக்குழந்தையிடமிருந்து சத்தமே இல்லை. நீலாவதி லைனில் புகுந்தாள்.

"மாமா, வச்சிட்டீங்களா?"

"குறுக்கப் பேசாதம்மா! அது சொல்லிக்கினு கீதுல்ல!"

சேவை தப்பித்தது. ஆனால் இருந்தது ஒரே லைன்; அன்று சாயங்காலம்வரை வேறு எந்த விவசாயிக்கும் அது கிடைக்கவில்லை. பன்றியை முடித்துவிட்டு, மாமா மாட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருந்தார்.