ஒரு மணிக்கு எழும்பிய தூண்

நோர்வே வாழ் சைவப் பெருமக்களுக்கு இத்தால் அறியத்தருவது: ஹொல்ம்லியாவைச் சேர்ந்த திருவாளர் ஸ்ரீதரன் அவர்கள், கந்தசஷ்டி ஆறு நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் நாவில் படாமல் கடும் உபவாசம் இருக்கத் திருவுளம் கொண்டுள்ளார். ஆறாம் நாள் மௌன விரதமும் உண்டு. அன்று தொலைபேசியில் அழைத்துத் தவத்தைக் கலைக்க வேண்டாம்.

அறிவித்தல் கோயில் வட்ஸ்அப் குழுவில் வெளியானது. எழுதியவரும் திருவாளர் ஸ்ரீதரனே. அறுபத்துமூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். சரியாக நாயன்மார் கணக்கு.

கைகூப்பாத ஒரே ஆள் மனைவி சிவநாயகி. ஒஸ்லோ நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடத் தாதி. ஸ்ரீதரனுக்குச் சலரோகம், தினமும் இன்சுலின் ஊசி. பட்டினி கிடந்தால் சீனி இறங்கி ஆள் சுருண்டு விழ அரைநாள் போதும். போன வருடம் ஒருமுறை விழுந்தும் காட்டியிருந்தார்.

"டொக்டரைக் கேட்டனீங்களோ?"

"முருகனைக் கேட்டிட்டன்."

அதற்குமேல் யாரிடம் முறையிடுவது? ஊசியின் அளவைப் பாதியாகக் குறைத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பகல் முழுக்க அவர் வீட்டில் தனியே.

மகள் வர்சா, பேர்கன் நகரத்துக்கு வேலைக்குப் போகுமுன், வீட்டு மின்மானியில் சின்னக் கருவியொன்றைப் பூட்டி, அது சொல்வதை அம்மாவின் கைபேசியில் தெரியச் செய்திருந்தாள். நிமிடத்துக்கு நிமிடம் ஓடும் ஒரு கோட்டு வரைபடம். கரண்ட் கூடப் போனால் கோடு தூணாக உயரும். அதிலிருந்த எண்கள் எதுவும் சிவநாயகிக்கு விளங்கியதில்லை. ஆனால் விரதத்தின் முதல் நாள், திங்கட்கிழமை, பின்னேரத் தேநீரோடு அதைத் திறந்தவளின் கண்ணில் ஒன்று குத்தியது. காலை ஏழுக்கு ஒரு தூண், அது குளித்தது. பிறகு வெறும் புல்தரை. பகல் ஒரு மணிக்கு, நடுப் புல்தரையில், ஒரு பனைமரம்.

செவ்வாயும் அதே பனைமரம். மகளுக்குக் கோல் அடித்தாள்.

"பிள்ளை, மிற்றர் பழுதோ? ஒருத்தரும் ஒண்டும் செய்யாத நேரத்தில கரண்ட் இழுக்குது."

"சுடுதண்ணித் தாங்கியா இருக்கும் அம்மா. தண்ணி ஆறினா அது தானா வேலை செய்யும். அப்பாவைக் கேளுங்கோவன்."

"அப்பா தவத்தில இருக்கிறார்."

"அப்ப தாங்கியை நிப்பாட்டிப் பாருங்கோ. அப்பாவை நிப்பாட்டேலாதுதானே."

புதன்கிழமை குளித்து முடித்ததும் தாங்கியின் ஆளியை அணைத்துவிட்டுப் போனாள். ஒரு மணிக்குத் தூண் எழுந்தது, அதே உயரம். ஒன்று நாற்பதுக்கு விழுந்தது. நாற்பது நிமிடம். இதற்கு எஞ்சினியர் தேவையில்லை. பெரிய மின்னடுப்பில் குத்தரிசி வேகும் நேரம் அது.

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குப் பெருமூச்சு வந்தது. ஆள் சாப்பிடுகிறது. முப்பது வருடமாக அந்த மனிசன் சொன்னவற்றில் எதை நம்புவது, எதைக் கழிப்பது என்று அவள் பிரித்தறிந்ததில்லை. இந்தத் தூண் ஒரு அடைமொழியும் போடாமல் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறது. அன்று பின்னேரம் அவர், "தேகத்தில ஒரு ஒளி தெரியுது, கவனிச்சனீரோ?" என்றார்.

"ஓம், தெரியுது," என்றாள். ஒன்று தசம் இரண்டு யூனிற் ஒளி.

வியாழனிலிருந்து ஊசியை முழு அளவாகவே போட்டாள், ஒரு மணித் தூணை நம்பி.

சனிக்கிழமை, ஆறாம் நாள். அவளுக்கு வார இறுதி முறை வேலை. ஒரு மணி, தூண் இல்லை. ஒன்றேகால்; புல்தரை. ஒன்றரைக்கும் கைபேசியில் குளிர்சாதனப் பெட்டி மட்டும் மெல்ல மூச்சு விட்டது. மூன்று தரம் அழைத்தாள். மௌன விரதம்.

கூட வேலை செய்யும் எம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினாள். ரயிலில் நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. தாதி என்று பெயர். ஆளைப் பார்த்து, கேட்டு, திட்டி, கையோடு பிடித்து ஒரு வாய் ஊட்டியிருக்கலாம். ஒரு சொல் கேட்க வெட்கப்பட்டு, கைபேசியில் ஒரு கோட்டைப் பார்த்து மருந்து போட்டிருக்கிறாள். அவருடைய பெருமையைக் காப்பாற்றப்போய் அவரையே...

கதவைத் திறந்தாள். குசினியில் ஸ்ரீதரன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலு துண்டு பாண், பட்டர், மண்ணிறச் சீஸ். வாய் நிறைய.

"அடுப்பு ஏன் போடேல்லை?" என்று கத்தினாள்.

மௌனம் கலைந்தது. "உமக்கு எப்பிடி..." விழுங்கினார். "இண்டைக்குச் சூரன்போர், நாயகி. கடைசி நாளெண்டாலும் அடுப்பு மூட்டாமல் சுத்தமா இருப்பமெண்டு..."

அவள் கதிரையை இழுத்து விழுந்தமாதிரி இருந்தாள். பாண் இருந்த கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"முழு ஊசி போட்டிருக்கு. இன்னும் ரெண்டு துண்டு தின்னுங்கோ."

அவர் தின்றார். கைபேசியில் இன்னமும் புல்தரைதான்.

பாணுக்குக் கரண்ட் தேவையில்லை.