பல்பைக் கழற்றிய அறை

படச்சுருள் கழுவும் லேப் தொடங்கிய ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, இருட்டறையில் விளக்கைப் போட்டும் வெளிச்சம் வரவில்லை. பல்பு எரிந்தது, தொட்டால் சுட்டது. அறை மட்டும் இருட்டாகவே இருந்தது.

லேப் வைத்தவர் பதினெட்டு வருஷம் தியேட்டரில் படம் ஓட்டியவர். அந்த வேலையை விட்ட பிறகும் ஊருக்கு அவர் ஆபரேட்டர்தான். அதுவரை இங்கே படம் எடுத்தவர்கள் சுருளைக் கழுவ ரயிலில் அனுப்பிவிட்டு மூன்று வாரம் வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பார்கள். திரும்பி வருவதில் பாதி வெளிச்சம் பட்டுப் பாழாகியிருக்கும். நாமே கழுவினால் என்ன என்று ஆபரேட்டர் கேட்டபோது சிரித்தவர்கள்தான் பிறகு அவர் வாசலில் வரிசையில் நின்றார்கள். வீட்டின் பின்னறையில் நான்கு தொட்டிகள் கட்டினார். தையல் வேலை செய்த மனைவி கறுப்புத் துணியில் இரட்டைத் திரை தைத்தாள். உள்ளே இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுருளைத் தொட்டி தொட்டியாக முக்கி எடுப்பார்கள். ஊசிமுனை வெளிச்சமும் ஆகாது என்று ஆபரேட்டர் சன்னலைத் தாரால் அடைத்தார். வேலை இல்லாதபோதும் கதவைத் திறந்துபோட விடவில்லை. எந்த அறையையும் அவ்வப்போது காற்றாட விட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. இருட்டு அங்கேயே தங்கிப் பழகிவிட்டது.

தொழில் என்னவோ ஓஹோவென்று நடந்தது. ஓர் அடி படம்கூட வீணாகவில்லை. ஆனால் இருட்டு ஆபரேட்டரின் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. சுருளை உலர்த்த அடிக்கடி வெளியே வந்துபோனதால் மனைவி தப்பித்தாள். மழைக்காலத்துக்குள் அவருக்கு முழங்கை வரை ஏறி, கோடைக்குள் கழுத்தைத் தொட்டு, அடுத்த வருஷம் முகமும் போயிற்று. மகள் அப்பாவைச் சுருள் கழுவும் மருந்தின் வாடையை வைத்துக் கண்டுபிடித்தாள்.

"கதவக் கொஞ்சம் திறந்து வைங்களேன். உங்க முகத்தப் பாத்து எத்தன மாசமாச்சு" என்றாள் மனைவி.

"உள்ள ரெண்டு படம் கெடக்கு. அது முடியட்டும்."

அது முடிவதற்குள் வேறு இரண்டு வந்தன.

ஒரு கேமராக்காரர் மிச்சமிருந்த பத்தடியில் ஆபரேட்டரைப் படம் பிடித்தார். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகிவிடுமே, முகம் தெரியும் என்று மனைவி நம்பினாள். சன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவர் நின்ற இடம் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. அதன் வழியே கொடியில் காயும் அவருடைய சட்டை தெரிந்தது.

மறுநாள் நண்பகலில், அவர் உள்ளே இருக்கும்போதே, திரையைக் கிழித்துக் கதவை அகலத் திறந்தாள். இருட்டு நிதானமாக வெளியேறி, தெருமுனை வரை போய்க் கரைந்தது. அறை பளிச்சென்று இருந்தது. நான்கு தொட்டிகள், ஒரு ஜோடி செருப்பு. ஆபரேட்டர் இல்லை. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்துத் திரையை மறுபடி தைத்தாள். சுருள்களைத் தனியாகக் கழுவினாள். மறுமுனை தொட்டியில் விழுந்து விழுந்து சிக்கியது. மூன்றாம் மாதம் ஒரு நாள் அது விழவில்லை.

"இழுக்காத, மெதுவா" என்றது இருட்டு.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

லேப் இன்றும் நடக்கிறது. ஆபரேட்டர் எங்கே என்று கேட்பவர்களிடம், "உள்ள வேலையா இருக்காரு" என்கிறாள். இருட்டு பேசிய அந்த வாரமே எலக்ட்ரீஷியனை வரவழைத்து, இருட்டறையின் பல்பையும் சுவிட்சையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள்.