மேஸ்திரி கையில் நூல்

வ்ரானோவ் குன்றின் மேல் கோட்டைக் கோபுரம் இரண்டு தடவை சரிந்துவிட்டது. துருக்கர் படை ஆற்றைத் தாண்டிவிட்டதாகச் சேதி. எங்களுக்கோ துருக்கரைவிட, மேஸ்திரி போகோயே கையிலிருந்த நூலைக் கண்டால்தான் குலை நடுங்கியது.

நிற்காத சுவர் உயிர் கேட்கும். ஒருவன் நிழலை அவனுக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலைக் கல்லுக்கடியில் வைத்துப் பூசினால் சுவர் நிற்கும். நாற்பது நாளைக்குள் அவன் போய்விடுவான். எங்கள் பக்கம் சின்னப்பிள்ளைக்குக்கூட இது தெரியும். மேஸ்திரி கடற்கரைச் சீமை ஆள், முகம்கொடுத்துப் பேசமாட்டார். விடிந்ததும் நூலும் கையுமாகச் சுற்றுவார்.

அதனால் கொத்தனார்கள் வெயிலில் நிற்பதையே விட்டார்கள். கல் செதுக்குவதும் சாப்பிடுவதும் கோபுரச் சுவரின் நிழலில்தான். பெரிய நிழலுக்குள் இருப்பவனுக்குத் தனி நிழல் ஏது? யோசனை சொன்னவள் கொத்தனார் ஸ்தானோயேயின் புதுப்பெண்டாட்டி நேதா.

ஒருநாள் காலை அவனுக்கு ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்தாள். நான் வெயிலில் சுண்ணாம்பு கிளறிக்கொண்டிருந்தேன். இந்தக் கிழவன் நிழலை வைத்து எந்தச் சுவர் நிற்கும் என்ற தைரியம்தான்.

மேஸ்திரி தலைதெறிக்க ஓடிவந்தார். கையில் அதே நூல்.

"எந்திரிங்கடா! எல்லாரும் வெயிலுக்கு வாங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"வெயில்ல நின்னாத்தானே அளக்க வசதி?" என்றான் ஒருவன். சிரிக்கப் பார்த்தான்.

"ஸ்தானோயே, நீயாவது வாடா!"

பேரைக் கேட்டதும் நேதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழப்போனவனைத் தோளைப் பிடித்து அழுத்தினாள். "அசையாதீங்க. என் மேல ஆணை." பிறகு அவளே வெயிலுக்கு ஓடி, மேஸ்திரி முன்னால் நின்றாள்.

"என் நிழலை அளந்துக்கோய்யா. அவரை விட்டுடு."

"நிழலா? சுவரு சாயுதும்மா!"

நூலைத் தூக்கிக் காட்டினார். நுனியில் ஈயக்குண்டு ஆடியது. கொத்தனாருக்குச் சுவரின் சாய்வு பார்க்கும் தூக்குக்குண்டு தெரியாதா? தெரியும். பயந்தவன் கண்ணுக்கு நூல்தான் தெரிந்தது, குண்டு தெரியவில்லை.

நேதா திரும்பினாள். ஸ்தானோயே மடியில் ரொட்டியோடு, அவள் சொன்னபடியே அசையாமல் இருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் நிழலில் இருந்தவர்கள் மேல் சுவர் இறங்கியது.

துருக்கர் பயத்தில் கோட்டைக்காரர்கள் கல்லைக்கூட அகற்ற விடவில்லை. புதைந்தவர்கள் மேலேயே நான்காவது தடவை கட்டினோம். நின்றுவிட்டது. சுவர் கேட்டது கிடைத்துவிட்டது என்றார்கள் ஊரில், நேதாவின் காதுபடவே.

அவள் இன்றும் தண்ணீர்க் குடத்தோடு குன்றேறுகிறாள். அந்தச் சுவரின் நிழல் விழும் இடம் வந்தால் மட்டும், வெயிலிலேயே சுற்றிப் போகிறாள்.