கரடி கட்டாத வேட்டி

பந்தயம் கட்டியவர் ஸ்ரீனிவாசராகவன். அதற்கு ஒத்துக்கொண்ட மடச்சி அவர் மகள் ஆண்டாள். பெங்களூரில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு சொந்த ஊரான மைசூருக்கு வந்திருந்தாள். இப்போது அதே கம்பெனி அவளை நிரந்தரமாகக் கூப்பிட்டிருந்தது. அப்பாவுக்கோ அவள் பேங்க் பரீட்சை எழுதியே ஆக வேண்டும்.

“பொம்மை போடறதெல்லாம் ஒரு உத்யோகமா? நீ வேலை செஞ்ச படம் நம்ம ஊருக்கு வரட்டும். பார்த்துட்டு வெளியே வர்றவாளை நானே கேக்கறேன். நன்னாயிருக்குன்னு சொன்னா போ. இல்லேன்னா வாயை மூடிண்டு பரீட்சைக்கு உக்காரு” என்றார்.

இவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். தன் பிழைப்பை ஊரான் வாயில் கொண்டுபோய்க் கொடுக்கிற புத்திசாலியை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சிக்கு அப்பா திருமண் பளிச்சிட, வெள்ளை வேட்டி மடமடக்க முன்னால் நடந்தார். அவருடைய அக்கா லக்ஷ்மம்மா முறுக்குப் பொட்டலத்தோடு பின்னால் வந்தாள்.

ஒரு கரடி, ஒரு நரி, ஒரு ஆமை. மூன்று சிநேகிதர்களும் புதையல் தேடிக் கிளம்புகிற வெளிநாட்டுப் படம்; அசைவு வேலையை மட்டும் ஆண்டாளின் கம்பெனிக்குக் கொடுத்திருந்தார்கள். கிளம்பினார்கள், கிளம்பினார்கள், இடைவேளை வரைக்கும் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். நரி ஓயாமல் தொணதொணத்தது. ஆமை பாடிய பாட்டு முடிவதற்குள் முன் வரிசைக் குழந்தைகள் தூங்கிப்போயின. ஆண்டாளுக்குக் காது சுட்டது. கம்பெனியில் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தாள். முழுசாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அடக் கடவுளே, படம் சுத்த மட்டம்!

கடைசியில் ஒருவழியாகப் புதையல் குகை திறந்தது. கரடி ஆசையாக ஓடி, வாசற்படி தடுக்கி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. விழுகிற படத்தையும் எழுந்து நிற்கிற படத்தையும் பெரிய ஓவியர் ஒருவர் வரைந்து கொடுத்திருந்தார். நடுவிலுள்ள அசைவெல்லாம் ஆண்டாள் போட்டது. கரடி வலது கையைத் தரையில் ஊன்றியது. இடது கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முக்கி எழுந்தது. எழுந்ததும் இடுப்பில் இல்லாத வேட்டியை ஒரு இழுப்பு இழுத்துச் சொருகிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் நோட்டம் விட்டது.

தியேட்டரே அதிர்ந்தது. தூங்கின குழந்தைகள்கூட எழுந்து சிரித்தன. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

படம் விட்டதும் அவர் வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களை மறித்தார். விசாரணை கமிஷனெல்லாம் அவரிடம் தோற்றது. அவருடைய ஆபீஸ்காரர் ஒருவர், “ஏதோ குழந்தைங்களுக்கு ஓகே சார். நமக்கு பேஜாரு” என்று கைவிரித்தார். இடுப்பில் பையனோடு வந்த ஒரு அம்மாள், “தூங்கிட்டான். இதுக்கு மேல என்ன சொல்ல?” என்றாள். கல்லூரிப் பையன்கள், “அந்த ஆமையைப் புதையலோட சேர்த்துப் புதைச்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். கேட்கக் கேட்க அப்பாவின் முகத்தில் வெளிச்சம் ஏறியது.

கட்டட வேலைக்கு ஹனூரிலிருந்து வந்திருந்த ஜடையனும் அவன் பெண்டாட்டி பாப்பாயியும் வந்தார்கள். “படம் ஒரே இழுவைங்க. ஆனா அந்தக் கரடி எந்திரிச்சு வேட்டிய இழுத்துச் சொருகுச்சு பாருங்க, சிரிச்சுச் சிரிச்சு வவுறே புண்ணாப் போச்சுங்க!” என்றான் ஜடையன். பாப்பாயி அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். அவர் கை அப்போதுதான் வேட்டியைச் சொருகிக்கொண்டிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினாள்.

“அவளே கண்டுபிடிச்சுட்டாடா!” என்றாள் லக்ஷ்மம்மா. “காலம்பற பெருமாளைச் சேவிச்சுட்டு நீ எழுந்துக்கற அழகு அப்படியே அதேதான்!”

அப்பாவின் முகம் சிவந்தது. “என்னைச் சந்தி சிரிக்க வெச்சுட்டேடீ.”

“கேலிக்குப் போடலை அப்பா. விழுந்து கெடக்கற கரடியை எழுப்பணும். நம்மாத்துல தினம் பார்த்ததுதான் கைக்கு வந்தது. போட்டு முடிச்சப்பறம்தான் அது நீங்கன்னு தெரிஞ்சது. அழிக்க மனசு வரலை.”

அவர் கை வேட்டியை விட்டது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அதெல்லாம் இருக்கட்டும். ஒருத்தர்கூட படம் நன்னாயிருக்குன்னு சொல்லலை. பேச்சுன்னா பேச்சு. நாளையிலேர்ந்து புஸ்தகத்தை எடு.”

நேற்றாக இருந்தால் இந்தக் குரலுக்கு ஆண்டாள் தலையாட்டியிருப்பாள். இன்று அவர் எதிரில் வந்து நின்றாள்.

“எல்லாரையும் கேட்டேள். என்னைக் கேக்கலையே? நானும் டிக்கெட் வாங்கிப் பார்த்தவதானே?”

“உன்னை என்ன கேக்கறது?”

“நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்றேன். படம் குப்பை. அவா சொன்னதைவிடக் குப்பை. நரி வாயைத் தைக்கணும். பாட்டைத் தூக்கி எறியணும். புதையலைப் பார்த்ததும் மூணும் ஒரே மாதிரி முழிக்கறது. மூணு பேருக்கு மூணு ஆசை இருக்க வேண்டாமா? எங்கே கெட்டதுன்னு எனக்குத் தெரியறது. தெரிஞ்சவ நான் போகாம வேற யார் போய்ச் சரி பண்றது?”

“அப்போ பந்தயம்?”

“தோத்துட்டேன். ஆனா போறேன்.”

லக்ஷ்மம்மா முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள்.

“அடுத்த படத்தையும் ஜனங்க காறித் துப்பினா என்ன பண்ணுவே?” அப்பாவின் குரல் உடைந்திருந்தது.

“அதுக்கடுத்ததைப் பண்ணுவேன். நீங்க வாசல்ல நின்னு கேட்டுண்டே இருங்கோ. நான் பக்கத்துல நின்னுண்டு இருக்க மாட்டேன், எனக்கு வேலை இருக்கும்.”

கைதட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். அத்தையை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டு, “ரயில்வே ஸ்டேஷனுக்கு விடப்பா, பெங்களூருக்கு டிக்கெட் எடுக்கணும்” என்றாள். பிறகு, தெருவில் அப்படியே நின்றுகொண்டிருந்த ஸ்ரீனிவாசராகவனைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏறறதுன்னா சீக்கிரம் ஏறுங்கோ அப்பா. கவுண்டரை மூடிடுவான்.”