இரண்டாவது போன்ஜூர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகத் தொடங்கியதல்ல. பாரிஸில் இருக்கும் என் சித்தி மகன் கிருபாநிதி, "அக்கா, லீவுக்கு உங்க தீவுக்கு வர்றேன், என்னென்ன கவனிக்கணும்னு பத்து பாயின்ட் எழுதி அனுப்பு" என்றான். எழுத உட்கார்ந்தேன். நாலு பாயின்ட் ஆவதற்குள் டிக்கெட் மலிவு என்று அவன் மொரீஷியஸ் போய்விட்டான். குறிப்புகள் என் தலையில் கட்டப்பட்டன. இலை போட்ட பிறகு விருந்தாளி வரவில்லையென்றால் தெருவில் போகிறவரையாவது கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டியதுதான். அப்படித்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். அவன் சீட்டில் உட்காருங்கள்.

2

முதல் தொடக்கம் இது:

"கரீபியன் கடலில் குவாதலூப்பிலிருந்து எங்கள் மரி-கலாந்து தீவுக்கு ஒரு மணி நேரப் படகு. வயிறு புரட்டுகிறவர்கள் பின்பக்கம் உட்காரவும். கையில் ரொக்கம் இருக்கட்டும். நண்பகல் ஆனால் கடைகளைச் சாத்திவிடுவார்கள், அழுதாலும் திறக்கமாட்டார்கள். கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தடியில் மழைக்குக்கூட ஒதுங்காதீர்கள். அதிலிருந்து சொட்டுகிற நீர் பட்டால் தோல் கொப்பளிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே நுழைந்தாலும் முதலில் போன்ஜூர், அதாவது வணக்கம். கடையில், பஸ்ஸில், டாக்டருக்காகக் காத்திருக்கும் அறையில், இருக்கிற எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. அதைச் சொல்லாமல் எதையாவது கேட்டால்..."

வாக்கியம் இங்கே படுத்துவிட்டது. கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபோது லியோனிஸ் நினைவில் வந்து நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு பாயின்டாவது ஒன்றாவது.

3

லியோனிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. கப்பெஸ்தேர் கடற்கரையில் ஆறு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. போன மாதம் வாடகைக் காரில் வந்த ஒரு வெள்ளைக்காரர் மனைவியோடு நுழைந்து, "மீன் இருக்கா?" என்றார். லியோனிஸ் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள். "மேடம், மீன் இருக்கா?" மீன் அவர் மூக்குக்கு நேரே தணலில் வெந்துகொண்டிருந்தது. அவள் அடுத்த எலுமிச்சையை எடுத்தாள். மூலை மேசையிலிருந்த நான் பாவப்பட்டு உதட்டை அசைத்துக் காட்டினேன். "போன்ஜூர்" என்றார் மனிதர்.

"போன்ஜூர் ஐயா! வாங்க, உட்காருங்க. மீன் இல்லாமலா!"

[திமிர் என்று நினைக்காதீர்கள். செருப்போடு அடுப்படிவரை வருகிறவரை நாம் எப்படிப் பார்ப்போம்? அதேதான்.]

இப்போது மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறையக் கூட்டம். பக்கத்துத் தோட்டத்து ஜெர்வே ஓடிவந்தார்.

"ஏ லியோனிஸ், உன் மாடு..."

"போன்ஜூர், ஜெர்வே."

"கழுத்துல கயிறு சுத்திக்கிட்டு..."

"போன்ஜூர், ஜெர்வே."

"மாடு சாகுது, உனக்கு போன்ஜூர் கேக்குதா?"

திரும்பி ஓடி, கரும்பு வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்து மாட்டைக் காப்பாற்றியவரும் அவர்தான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "ஊர் முன்னாடி நாயைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டான்" என்பது அவள் கட்சி. "உயிரைவிட அவளுக்கு மரியாதை பெருசு" என்பது அவர் கட்சி. இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால்தான் தீரவில்லை.

அந்த மாட்டின் பெயர் கர்னல். ஜெர்வேயிடம் இருப்பது கேப்டன். கன்றிலிருந்தே ஒரே நுகத்தடியில் பழகிய ஜோடி. கல் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுக்கும் போட்டியில் இந்த ஜோடியை அடித்துக்கொள்ள ஆள் இருந்ததில்லை. கர்னல் வலதுபக்கம்தான் நிற்பான், கேப்டன் இடதுபக்கம்தான். வேறு மாட்டோடு பூட்டினால் இரண்டும் படுத்துவிடும். மூன்று வருஷமாக வேலிக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கரும்புத் தோகை மெல்கின்றன.

4

ஜெர்வேமீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. என் முதல் பிரதியில் அவரை முரடன் என்று எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் செவ்வாய்க்கிழமை அவர் ஓட்டும் மினிபஸ்ஸில் ஏறினேன்.

அவரைப் பற்றி யோசித்துக்கொண்டே ஏறியதில் போன்ஜூர் சொல்ல மறந்துபோனேன். ஜெர்வே இன்ஜினை அணைத்தார்.

"யாரோ ஏறின மாதிரி இருந்துச்சே" என்றார் கண்ணாடியைப் பார்த்து.

"காத்தா இருக்கும்" என்றாள் பின் சீட்டு மீன்காரி.

இருபத்திரண்டு வருஷமாக இங்கே குடியிருக்கிறேன். காது மடல் சுட, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பஸ் கிளம்பியது.

[இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் பயணக் குறிப்பு எழுதுகிறவள் பட்ட அடியைச் சொல்லாவிட்டால் யார் நம்புவார்கள்?]

கப்பெஸ்தேரில் இரண்டு சுற்றுலாப் பயணிகள் இறங்கினார்கள். ஜெர்வே அவர்களிடம், "அந்தக் கடைக்குத்தானே? உள்ள போனதும் போன்ஜூர் சொல்லணும். ரெண்டு தடவை. மறந்துடாதீங்க" என்றார்.

இரண்டு தடவையா? கடையில் சிலர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன், பயத்தில் என்று நினைத்திருந்தேன்; இப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை.

"எதுக்குண்ணே ரெண்டு?"

"ஒண்ணு அவங்களுது."

"இன்னொண்ணு?"

"நீ இறங்கற இடம் வந்துடுச்சு, தங்கச்சி."

பிறகு விசாரித்தேன்: மூன்று வருஷமாக அங்கே இறக்கிவிட்ட ஒவ்வொரு வெளியூர்க்காரரிடமும் இதையே சொல்லியிருக்கிறார். இதுதான் தீவின் வழக்கம் என்று சிலர் இணையத்தில் வேறு எழுதிவைத்திருக்கிறார்கள். முரடன் என்ற சொல்லை அன்றைக்கே அடித்துவிட்டேன். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

5

உடனே லியோனிஸிடம் போனேன். (போன்ஜூர் சொல்லிவிட்டுத்தான்.)

"வெளியூர்க்காரங்க உன் கடையில மட்டும் ஏன் ரெண்டு தடவை சொல்றாங்கன்னு யோசிச்சிருக்கியா?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "நான் என்ன மக்கா? முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணுக்குத்தான் பதில் சொல்றேன், கவனிச்சுப் பாரு."

"இன்னொண்ணுக்கு?"

"அதுக்கு உடையவன் நேர்ல வந்து வாங்கிக்கட்டும்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. "கர்னலுக்கு வயசாச்சு. இந்த ஞாயித்துக்கிழமை போட்டியை விட்டா இனிமே அவனுக்கு நுகத்தடியே கிடையாது. தெனம் வேலிக்கிட்ட போய் வலதுபக்கமா நிக்கிறான். பார்க்க முடியல."

"அப்ப நீயே போய்ப் பேசேன்."

"நுழையறவங்கதான் முதல்ல சொல்லணும். நான் அவன் வீட்டுக்குள்ள நுழைஞ்சா நான் சொல்லுவேன்."

"நுழையேன்."

"கடையை யாரு பார்த்துக்குவா?"

என் நோட்டை எட்டிப் பார்த்தாள். "என்னைப் பத்தித்தானே கிறுக்கற? குண்டுன்னு போட்டியா?"

"இல்ல."

"போடு. பொய் எழுதாதே. ஆனா அவன்தான் முதல்ல வந்தான்னு முடி."

மறுநாள் பஸ்ஸில் ஜெர்வே, "எங்களை வச்சு எழுதறியாமே? அவ முதல்ல கூப்பிட்டான்னு முடிச்சிடு. வருஷம் பூரா பஸ் சும்மா" என்றார். பாத்திரங்கள் லஞ்சம் கொடுக்கும் கதையை நான் எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

6

முடிவு ஒன்று: ஜெர்வே வருகிறார், சொல்கிறார், ஜோடி ஜெயிக்கிறது, மேளம் முழங்குகிறது. இந்தத் தீவில் சர்க்கரைக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சனிக்கிழமை பன்னிரண்டு மணி. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம் முடிகிறது. கர்னல் வேலியோரம்... இதை எழுதிவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. கிழித்துப் போட்டேன். அந்த மாட்டின்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

முடிவு மூன்று: நானே படிவத்தை எடுத்துப் போய்த் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குகிறேன். முடியாது. உரிமையாளர்கள் இருவரும் நகராட்சி அலுவலகத்தில் சேர்ந்து நின்று கையெழுத்துப் போட வேண்டும். தவிர, நான் கல்யாணத் தரகர் இல்லை.

7

இன்று சனிக்கிழமை. பதினொன்றே கால். மூலை மேசையிலிருந்துதான் இதை எழுதுகிறேன். எல்லா மேசையிலும் ரம் புட்டி, சர்க்கரை, எலுமிச்சை. கடைசி பயணக் குறிப்பு: இங்கே யாரும் யாருக்கும் கலந்து தரமாட்டார்கள். "அவங்கவங்க சாவை அவங்கவங்களே கலந்துக்கணும்" என்பார்கள் சிரித்துக்கொண்டே. முடிவு விஷயத்தில் நானும் அப்படித்தான்.

மினிபஸ் வந்து நிற்கிறது. அதில் ஒரே ஒரு பயணி. நீங்கள்தான்.

"ரெண்டு தடவை, மறந்துடாதீங்க" என்று ஜெர்வே உங்களிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் இன்று இன்ஜினை அணைத்துவிட்டு அவரும் இறங்குகிறார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தொப்பி. உங்களுக்கு ஒரு படி பின்னால் நிற்கிறார். உள்ளே முதுகு காட்டி நிற்கும் லியோனிஸ் எலுமிச்சை நறுக்குவதை நிறுத்திவிட்டாள். மூன்று வருஷமாகக் கேட்காத செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியாதா?

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு தடவை சொன்னால் அவருடையதும் சேர்ந்துவிடும். அவர் வாயைத் திறக்காமலே வாசலோடு திரும்பிப் போகலாம், நாளைக்கு இன்னொரு பயணியிடம் கொடுத்தனுப்பலாம். ஒரே தடவை சொன்னால் மற்றது அவர் தலையில். அவரே சொல்லியாக வேண்டும், அல்லது சொல்லாமல் போக வேண்டும்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது, சொல்லமாட்டேன். வேலியோரம் ஒருவன் வலதுபக்கமாக நிற்கிறான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறந்துதான் இருக்கிறது. நுழையுங்கள்.